பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு ரெய்டு

"மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் சார், சரித்திரக் கட்டுரையாக இருந்தால் நல்லது" என்று நம் சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "நான் பௌதிகம் படித்தவன் தம்பி. சரித்திரத்துக்கு நம் சங்கத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்களே" என்று நழுவப் பார்த்தேன். "உங்க வீட்டுல ரெய்டு போட்டு வெச்சிருக்கீங்களே, அதோட சரித்திரத்தை எழுதுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் செயலாளர் செயலாளர்தானே! எழுதிவிட்டேன்.

பெரிய மார்க்கெட்டைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பெயர்ப் பலகையில் அது குபேர் மார்க்கெட். ஆனால் மீன்கூடைக்காரம்மாவிடம் போய் "குபேர் மார்க்கெட் எங்கம்மா?" என்று கேட்டுப் பாருங்கள், உங்களை வெளியூர் என்று முடிவு கட்டி விலையில் பத்து ரூபாய் ஏற்றிவிடுவார். ஒரு பக்கம் நேரு வீதி, இன்னொரு பக்கம் ரங்கப்பிள்ளை வீதி. அதன் அருகில் ஒரு சின்னத் தெருவில்தான் எங்கள் வீடு. இந்த வட்டாரத்தில் எல்லாரும் வியாபாரிகள். ஆகையால் 'ரெய்டு' என்ற சொல்லுக்கு இங்கே ஒரே பொருள்தான்: வருமான வரிக்காரர்கள்.

2011 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போது நம் கல்லூரியில் பி.சி.ஏ. படித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெருப் பையன் எங்கள் வீட்டு முன் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தான். மதியம் மூன்று மணி இருக்கும், "அங்கிள், ரெய்டு வந்திருச்சு!" என்று சந்தோஷத்தில் கத்தினான். எதிர்வீட்டு மளிகைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, "என்னங்க, உங்க வீட்டுக்கா? பென்ஷன்காரர் வீட்டுல என்னங்க இருக்கு?" என்று ஓடி வந்தார். எங்கள் அம்மா அதற்குள் நகைப் பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இப்படித்தான் எங்கள் தெருவுக்கு ரெய்டு வந்தது.

கம்ப்யூட்டர் ரெய்டு என்பது வேறு. ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பாமல், இரண்டு மூன்று டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டி, கம்ப்யூட்டருக்கு அது ஒரே டிஸ்க் போலத் தோன்றும்படி செய்வது. அவற்றில் ஒன்று செத்துப்போனாலும் உள்ளே இருக்கும் சரக்கு சாகாது. விஷயம் அவ்வளவுதான். இது எதற்காக ஒரு வீட்டுக்கு வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். அதற்கு 2009க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம்தான் நம் சங்கத்தில் பழைய படங்களைத் திரட்டி ஸ்கேன் செய்வது என்று முடிவாயிற்று. 'உங்கள் வீடு மார்க்கெட் பக்கத்தில், எல்லாரும் வந்து போக வசதி' என்று வேலையை என் தலையில் கட்டினார்கள். விடைபெறு விழா குரூப் போட்டோக்கள், என்.சி.சி. முகாம், கல்விச் சுற்றுலாவில் மகாபலிபுரத்துக் கல் யானை மேல் ஏறி நின்று பேராசிரியரிடம் திட்டு வாங்கிய காட்சி, எல்லாம் வந்தன. இவற்றுக்கெல்லாம் மேலாக, பௌதிக ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒரு டிரங்குப் பெட்டியையே கொடுத்தனுப்பினார். விளையாட்டு விழாவுக்கு வருகிற போட்டோகிராபரிடம் வருஷா வருஷம் தன் கைக்காசில் ஒரு பிரதி வாங்கி அடுக்கி வைத்திருந்தார் மனிதர். நம் கல்லூரி ஆபீசில்கூட இல்லாத படங்கள். அதில் 1980ஆம் ஆண்டுப் படம் ஒன்றில், 400 மீட்டர் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து நிற்பான் எங்கள் செட் நண்பன் ஒருவன். 1983இல் விபத்தில் போய்விட்டான். அவன் சிரிக்கிற படம் அது ஒன்றுதான்.

ஸ்கேன் செய்தேன், பெட்டியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தேன். மறு வருஷ மழையில் பெரியவர் வீட்டு ஓடு ஒழுகி, பெட்டியில் இருந்தவை எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. "போனால் போகுது தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல இருக்கில்ல" என்றார். இருக்கிறது என்று நானும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். 2011 ஏப்ரலில் ஒரு நாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டால், உள்ளிருந்து 'கடக்... கடக்...' என்று ஒரு சத்தம். பல்லி கொட்டாவி விடுவது போல. அன்றோடு சரி. சென்னைக்குக் கொண்டு போய்க் காட்டினேன். தட்டிலேயே கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் எடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். பெரியவரிடம் போய்ச் சொல்ல எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

நிற்க. சரித்திரக் கட்டுரை என்று ஆரம்பித்துவிட்டுச் சொந்தக் கதை பேசிக்கொண்டிருந்தால் செயலாளர் கோபிப்பார்.

ஹார்ட் டிஸ்க் பிறந்தது 1956இல், ஐ.பி.எம். கம்பெனியில். ராமாக் என்று பெயர். 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்த கோபுரம் அது, இட்லிக் கொப்பரை மாதிரி. அத்தனை தட்டும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துகளை வைத்துக்கொள்ளும். இன்று நம் கைப்பேசியில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்குச் சில சமயம் அது போதாது. அடுத்த முப்பது வருஷம் டிஸ்க் என்றால் பெரிய கம்பெனிக்காரர்கள் சமாசாரம். பீரோ அளவில் இருக்கும், விலை கேட்கவே பயமாயிருக்கும். 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டருக்கென்று சின்ன டிஸ்க்குகள் மலிவாக வர ஆரம்பித்தன.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்று மூவர் இதைப் பார்த்தார்கள். அந்தப் பெரிய யானைக்குப் பதில் நூறு ஆட்டுக்குட்டிகளைக் கட்டி இழுத்தால் என்ன என்று கேட்டார்கள். அவர்கள் 1988இல் வெளியிட்ட கட்டுரைதான் 'ரெய்டு' என்ற பெயரை உலகத்துக்குத் தந்தது. 'ரிடண்டன்ட் அர்ரே ஆஃப் இன்எக்ஸ்பென்சிவ் டிஸ்க்ஸ்' என்பதன் முதலெழுத்துகள். உபரியோடு கட்டிய மலிவான டிஸ்க்குகளின் அணி என்று சொல்லலாம். பிற்பாடு விற்கிறவர்களுக்கு 'மலிவான' என்ற சொல் கசந்ததோ என்னவோ, அந்த 'ஐ'க்கு 'இன்டிபென்டன்ட்' என்று பொருள் மாற்றிக்கொண்டார்கள்!

அந்தக் கட்டுரையில் ஒரு கணக்கு வரும். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு சின்ன டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று வருஷத்துக்கு மேல். நல்லதுதான். ஆனால் நூறு டிஸ்க்கை ஒன்றாகக் கட்டினால், அவற்றில் ஏதாவது ஒன்று சாக எவ்வளவு நேரம்? 30,000ஐ நூறால் வகுத்தால் 300 மணி. இரண்டு வாரம்கூட இல்லை! ஆட்டுக்குட்டிகள் வண்டியை வேகமாகத்தான் இழுக்கின்றன, ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று படுத்துவிடுகிறது. ஆகவே உபரி வேண்டும். ஒன்று படுத்தாலும் வண்டி நிற்காதபடி ஓர் ஏற்பாடு வேண்டும். அதில் ஐந்து விதங்களை அவர்கள் வரிசைப்படுத்தி எண் கொடுத்தார்கள். உபரியே இல்லாத 'ரெய்டு பூஜ்யம்' பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பூஜ்யத்தைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம்.

ஒரே விஷயத்தை இரண்டு டிஸ்க்கில் எழுதுவது அவர்களுக்கு முன்பே இருந்தது. டாண்டம் என்ற கம்பெனி 1970களிலேயே அதைத் தன் இயந்திரங்களில் செய்தது. ஐ.பி.எம்.மின் ஓவுச்சி என்பவர் 1978லேயே, போன டிஸ்க்கின் சரக்கை மற்றவற்றிலிருந்து மீட்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். பெர்க்லி மூவர் செய்தது, சிதறிக் கிடந்ததைச் சேர்த்து, கணக்குப் போட்டு, பெயர் வைத்தது. பெயர் வைத்தவனுக்குத்தானே பிள்ளை!

இனி மார்க்கெட்டுக்கு வருவோம். முதல் விதத்துக்குக் கண்ணாடி என்று பெயர். எழுதுவதையெல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் எழுது. இதில் விளக்க ஒன்றுமில்லை. ஐந்தாவது விதம்தான் அழகானது. காய்கறிக் கடையில் ஒரு நாள் வசூல் 340 ரூபாய், பூக்கடையில் 215 ரூபாய். மூன்றாவது ஓர் ஆள் 555 என்று மொத்தத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறார். பூக்கடைக்காரர் சீட்டைத் தொலைத்துவிட்டால்? 555இல் 340ஐக் கழி, 215 வந்துவிட்டது. காய்கறிச் சீட்டு தொலைந்தாலும் அப்படியே. மொத்தச் சீட்டே தொலைந்தால் மறுபடி கூட்டிக்கொள்ளலாம். மூன்றில் எந்த ஒன்று போனாலும் மற்ற இரண்டும் அதைச் சொல்லிவிடும். இரண்டு போனால்தான் திண்டாட்டம். கம்ப்யூட்டர் ரூபாயைக் கூட்டுவதில்லை. ஒன்றுகளையும் பூஜ்யங்களையும் பார்த்து, ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி மூன்றாவதில் ஒன்றோ பூஜ்யமோ போட்டுவைக்கிறது. சாரம் அதேதான்.

இதில் நான்காவது விதத்துக்கும் ஐந்தாவதுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு மிகவும் பிடித்தது. நான்காவதில் மொத்தம் எழுதுகிற கணக்குப்பிள்ளை ஒரே ஆள். எந்தக் கடையில் என்ன விற்றாலும் அவரிடம் வந்து திருத்த வேண்டும். காலை ஏழு மணிக்கு மீன் ஏலம் நடக்கிறபோது அவர் முன்னால் எவ்வளவு பெரிய க்யூ நிற்கும்! ஐந்தாவதில் அந்த வேலையை எல்லாக் கடைக்காரர்களும் முறை வைத்துச் செய்கிறார்கள். இந்தப் பக்கத்துக்கு இவர், அடுத்த பக்கத்துக்கு அவர். க்யூ கலைந்தது. இந்த ஒரு சின்ன மாற்றத்தால்தான் ஐந்தாவது பிரபலமாகி, நான்காவதை அவ்வளவாக யாரும் சீண்டுவதில்லை.

இதெல்லாம் ரொம்ப காலம் பெரிய ஆபீஸ்களில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்ததற்கு லினக்ஸ் ஒரு முக்கியக் காரணம். தனி அட்டை எதுவும் வாங்காமல், மென்பொருளாலேயே டிஸ்க்குகளைக் கட்டும் வசதி 1990களில் அதில் வந்தது. அதை ஆட்டி வைக்கிற 'எம்டிஆட்ம்' என்ற கருவியை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுன் 2001இல் எழுதினார். இன்றுவரை இலவசம்.

நாங்கள் வாங்கப் போன நேரம் சரியில்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்தில் பெரும் வெள்ளம். உலகத்து ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும் பகுதி அந்த ஊர்த் தொழிற்சாலைகளை நம்பி இருந்தது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய்க் கேட்டால், போன மாத விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொல்கிறார்கள்! "பாங்காக்ல மழை பெஞ்சா பாண்டிச்சேரிக்காரன் பர்ஸ் நனையுது" என்று பையன் சொன்னான். மூன்று வாங்குகிற ஆசையை விட்டுவிட்டு 1 டெராபைட்டில் இரண்டே இரண்டு வாங்கினோம். இரண்டையும் ஒரே கடையில் வாங்க நான் கை நீட்டியபோது பையன் தடுத்துவிட்டான். ஒரே பெட்டியில் வந்த டிஸ்க்குகள் ஒரே நாளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் மாதிரி, காய்ச்சலும் சேர்ந்தே வரும் என்றான். ஆகவே ஒன்றை இந்தக் கடையிலும் இன்னொன்றை நாலு கடை தள்ளியும், வேறு வேறு கம்பெனியாகப் பார்த்து வாங்கினோம்.

கட்டியது கண்ணாடி. செய்முறை சமையல் குறிப்பு அளவுக்குத்தான் இருக்கும். முதலில் ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணையும் காகிதத்தில் எழுதி அதன் முதுகில் ஒட்டினான் பையன். எதற்குடா இது என்று கேட்டேன், அப்புறம் சொல்றேன் அங்கிள் என்றான். இரண்டையும் கம்ப்யூட்டருக்குள் பொருத்தி, எம்டிஆட்மிடம் 'இரண்டும் சேர்ந்து இனி ஒன்று, முதல் விதம்' என்று ஒரு வரி கட்டளை. உடனே ஒன்றைப் பார்த்து இன்னொன்று நகலெடுக்கத் தொடங்கியது. விநாடிக்கு 100 மெகாபைட் என்ற வேகத்தில், சோறு சாப்பிட்டு ஒரு தூக்கம் போடும் நேரம், மூன்று மணிக்குக் கொஞ்சம் குறைவு. முடிந்ததும் திரையில் அடைப்புக்குள் இரண்டு 'யூ' எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டு பேரும் சௌக்கியம் என்று அர்த்தம். அப்போது போட்ட கூச்சல்தான் மளிகைக்காரரை ஓடி வரச் செய்தது. பிறகு அதன்மேல் ஃபைல் அமைப்பை உண்டாக்கி, மறுமுறை கம்ப்யூட்டர் எழும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளும்படி அமைப்புக் குறிப்பைப் பதிந்து, ஒரு டிஸ்க் படுத்தால் எனக்கு மின்னஞ்சல் வரும்படியும் செய்தான்.

அதோடு விட்டானா? படம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்கினான். எனக்கு அடி வயிறு கலங்கியது. படம் நிற்கவில்லை. ஒரு 'யூ' இருந்த இடத்தில் வெறும் கோடு. கேபிளைத் திரும்பச் செருகி, டிஸ்க்கை மறுபடி சேர்க்கச் சொன்னதும் நகல் எடுக்கத் தொடங்கியது. "சும்மா இருக்கும்போது புடுங்கிப் பாக்காம, நிஜமா போகும்போது நம்ப முடியுமா அங்கிள்?" என்றான்.

அடுத்த மாதமே பரீட்சை வந்தது. டிசம்பர் 30 காலை தானே புயல் நமக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. அந்த நாளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். கம்ப்யூட்டரைப் பாலிதீனில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு வாரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. கரண்ட் வந்து போட்டபோது இரண்டு 'யூ'வும் இருந்தன. 2013இல் நிஜமாகவே ஒரு டிஸ்க் படுத்தது. அப்போதுதான் முதுகில் ஒட்டிய காகிதத்தின் அருமை தெரிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே சும்மா இருக்கின்றன, எதைக் கழற்றுவது? அவசரத்தில் நல்லதைப் பிடுங்கிவிட்டு நோயாளியை வைத்துக்கொண்டவர்கள் உண்டாம். எண்ணைப் பார்த்து, போனதைக் கழற்றி, புதியதைப் போட்டோம். சாயங்காலத்துக்குள் எல்லாம் பழையபடி. ஒரு படம்கூடப் போகவில்லை. இந்த இடத்தில் என் தலை கொஞ்சம் கனத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சங்கக் கூட்டத்தில் நாலு பேருக்கு நடுவே, 'இனி கவலையே இல்லை' என்று பேசினேன்.

2014 பொங்கலுக்கு மறுநாள் இரவு, தேவையில்லாத ஃபைல்களைச் சுத்தம் செய்யலாமென்று உட்கார்ந்தேன். தூக்கக் கலக்கம். எந்தக் கோப்புறையில் நிற்கிறேன் என்று பார்க்காமல் அழி என்று ஒரு கட்டளை. நம் சங்கத்துப் படங்கள் மொத்தமும் போயின. இரண்டு டிஸ்க்கிலும்! ஒன்றில் அழித்ததை இன்னொன்றும் அதே விநாடி பயபக்தியோடு அழித்துவிட்டது. கண்ணாடி என்றால் அப்படித்தானே? நான் தலை சீவினால் அதுவும் சீவும், நான் மொட்டை போட்டால் அதுவும் மொட்டை. திரையில் இரண்டு 'யூ'வும் சௌக்கியமாக நின்றுகொண்டிருந்தன. ரெய்டு டிஸ்க்கைக் காப்பாற்றுகிறது. டிஸ்க்கின் சொந்தக்காரனிடமிருந்து படத்தைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. இதைப் பையன் இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தான், நான்தான் காதில் வாங்கவில்லை.

இரவு பன்னிரண்டு மணிக்குப் பாரிஸுக்குப் போன் போட்டேன். எங்கள் செட்டில் ஒருவன், சொல்தா குடும்பத்துப் பிள்ளை, படிப்பு முடிந்ததும் பிரான்சுக்குப் போய்விட்டவன். இப்போது பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கிறான். முந்தின டிசம்பரில் லீவுக்கு வந்தபோது என் வீட்டில் உட்கார்ந்து எல்லாப் படங்களையும் ஒரு சின்ன வெளி டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். "உன் பிள்ளைகளுக்குக் காட்டத்தானே, நல்லதா நாலு எடுத்துக்கோயேண்டா, எதுக்கு எல்லாம்?" என்று நானே சலித்துக்கொண்டேன் அன்றைக்கு. "டேய், நீ எடுத்துட்டுப் போனது இருக்கா?" என்றேன். "அலமாரியில இருக்கு. ஏன்டா, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றான். பத்து நாளில் தபாலில் வந்து சேர்ந்தது.

இது எனக்கு மட்டும் நடந்த அதிசயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருமுனையிலேயே இருநூறு வருஷக் கதை ஒன்று இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

மார்க்கெட்டை ஒட்டி ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருப்பது நமக்குத் தெரியும். மேலே வரிசைத் தூண்கள், உள்ளே தமிழும் பிரெஞ்சும் கலந்த கட்டு. வாசலில் லாரிகள் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். 1709இல் பிறந்து, 1747இல் துய்ப்ளேக்ஸிடம் தலைமைத் துபாஷியானவர். 1736 செப்டம்பரில் தொடங்கி, கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னர் சொன்னது, கவர்னரின் மனைவி செய்தது, எல்லாவற்றையும் தமிழில் எழுதிவைத்தார். 1761 ஜனவரியில் நகரம் ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாட்கள் முன்பு காலமானார். நகரத்தைப் பிடித்தவர்கள் கோட்டையையும் கட்டடங்களையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அதில் அந்த நாட்குறிப்பு தப்பியது அதிர்ஷ்டம்தான். ஒரே பிரதி, ஒரே குடும்பம், ஒரே ஊர். என் பழைய டிஸ்க் மாதிரி.

1846இல் கல்வா மோம்ப்ரேன் என்ற பிரெஞ்சுக்காரர் அது இருப்பதைக் கண்டுபிடித்து ஒரு நகல் எடுக்கச் செய்தார். இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்த எதுவார் ஆரியேல் என்ற தமிழ்ப் பித்தர் தமக்கென்று இன்னொரு நகல் எடுத்துக்கொண்டார். ஆரியேல் 1854இல் இளம் வயதிலேயே இறந்தார். அவர் சேர்த்த சுவடிகளும் நகல்களும் கடல் தாண்டிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தன, இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. 1890களில் சென்னை அரசாங்கம் தன் பங்குக்கு ஒரு நகல் எடுத்தது. அதிலிருந்து 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. புதுச்சேரி, சென்னை, பாரிஸ் என்று மூன்று இடம்! இத்தனைக்கும் பிறகு நாட்குறிப்பில் இடையிடையே பள்ளங்கள் உண்டு. நகல் எடுக்கத் தொடங்கியதே எழுதி முடித்து 85 வருஷம் கழித்துத்தான் என்பதை மறக்கக் கூடாது. எங்கள் பாரிஸ் நண்பனுக்கு அன்றிலிருந்து 'ஆரியேல்' என்றே பெயர் வைத்துவிட்டோம். அவனுக்கு முதலில் புரியவில்லை, புரிந்த பிறகு ரொம்பப் பெருமை.

ஆரியேல் செய்தது ஒருவரின் ஆர்வம். ஆனால் பிரெஞ்சு அரசாங்கம் இதைச் சட்டமாகவே வைத்திருந்தது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளை ஒன்றுக்கு இரண்டாக எழுத வேண்டும் என்பது பதினான்காம் லூயி காலத்து 1667ஆம் ஆண்டுச் சட்டம். 1776இல் காலனிகளுக்கு மட்டும் இன்னொரு உத்தரவு வந்தது: மூன்றாவது ஒரு பிரதியும் எழுதி வெர்சாய்க்கு அனுப்பு. காரணம் நமக்குப் புரியாததல்ல. வெயிலும் கரையானும் புயலும் யுத்தமும் உள்ள ஊர்களில் இரண்டு பிரதியும் ஒரே ஊரில் இருந்தால் இரண்டும் ஒரே நாளில் போகும். அப்படிப் போன பதிவேடுகள் இன்று பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரியின் பழைய ஏடுகளை வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எத்தா சிவில் பேப்பருக்காக அலைந்த குடும்பங்கள் நம்மில் எத்தனை! இரண்டு பிரதி உள்ளூரில், ஒரு பிரதி கடலுக்கு அப்பால். ஹார்ட் டிஸ்க் பிறக்க 180 வருஷம் முன்னால், குமாஸ்தாக்கள் இறகுப் பேனாவால் எழுதிய ஏற்பாடு அது.

ஓலைச் சுவடிக்காரர்களும் இதைச் செய்தார்கள். நம் ஊரில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும், தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஓலை நைந்து போகும் என்பது தெரிந்து, தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் எழுதி வந்ததால்தான் அதில் உள்ளவை நம் கைக்கு வந்தன. இன்று அவற்றையும் படம் பிடித்து டிஸ்க்கில் ஏற்றுகிறார்கள். ஓலை நூறு வருஷம் தாங்கியது, டிஸ்க் ஐந்தாறு வருஷம் தாங்கினால் அதிகம். இதை முன்னேற்றம் என்பதா வேறென்ன என்பதா?

மாணவர்களுக்காக ஒரு வார்த்தை. வீட்டுக்கு ஐந்தாவது விதம் கட்டலாமா என்று கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். 4 டெராபைட் டிஸ்க் நாலு வைத்து அப்படிக் கட்டினால், ஒன்று போகும்போது மற்ற மூன்றையும் ஓர் எழுத்து விடாமல் படிக்க வேண்டும், 12 டெராபைட். சாதாரண டிஸ்க்குகளுக்குக் கம்பெனிக்காரர்கள் தரும் உத்தரவாதமே சுமார் 12.5 டெராபைட்டுக்கு ஓர் இடம் படிக்க முடியாமல் போகலாம் என்பதுதான். நடைமுறையில் அதைவிட நன்றாகவே உழைக்கின்றன, ஆனாலும் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அந்த நேரத்தில்தான் தூக்குகிறவனும் தடுக்கி விழுவான். இரண்டு டிஸ்க் கண்ணாடி போதும். மிச்சமாகும் காசில் ஒரு வெளி டிஸ்க் வாங்கி, அதை வேறு ஒருவர் வீட்டில் வைக்கலாம். மாதம் ஒரு முறை இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லி வைக்கலாம். நாங்கள் அதை அமாவாசைக்கு அமாவாசை வைத்திருக்கிறோம், மறக்காமல் இருப்பதற்காக.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் முன் அறைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தது. பெட்டி மேசைமேல் இருந்ததால் பிழைத்தது. கீழே இருந்திருந்தால் இரண்டு 'யூ'வும் சேர்ந்தே நீந்தியிருக்கும். ஆரியேல் மறுநாள் போன் செய்து நலம் விசாரித்தான், முதலில் என்னை, அடுத்து டிஸ்க்கை. இப்போது வருஷத்துக்கு ஒரு முறை அவன் வரும்போது பழைய வெளி டிஸ்க்கைக் கொடுத்துப் புதியதை எடுத்துப் போகிறான்.

2011இல் போனவற்றில் பலவற்றைப் பிற்பாடு வேறு வேறு வீடுகளிலிருந்து மீண்டும் சேர்த்துவிட்டோம். 1980 விளையாட்டு விழாப் படங்கள் மட்டும் கிடைக்கவில்லை. அந்த போட்டோகிராபரின் கடை எப்போதோ மூடிவிட்டது. அந்த வருஷம் ஓடியவர்கள், கைதட்டியவர்கள் யார் வீட்டிலாவது, எந்த ஆல்பத்தின் கடைசி அட்டைக்குள்ளாவது ஒரு பிரதி இருக்கலாம். 400 மீட்டர் முடிந்து இடுப்பில் கை வைத்து நிற்கிற ஒல்லிப் பையன், பனியனில் எண் 17. இருந்தால் சந்திப்பு நாளன்று எடுத்து வாருங்கள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஸ்கேனரோடு நானும் பையனும் உட்கார்ந்திருப்போம். உங்கள் கண் எதிரிலேயே எடுத்துக்கொண்டு படத்தைக் கையோடு திருப்பித் தந்துவிடுகிறோம்.